கம்பிவேலியைத் தளர்த்தியது எது?

மலாக்காவின் ஜாசின், ஆசகான் பக்கத்துத் தோட்டங்களில், பிரிட்டிஷ் ஆட்சி கம்யூனிஸ்ட் கொரில்லாக்களோடு மோதிய மலாயா அவசரகாலத்தைப் பற்றி வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. பக்கத்திலேயே ஜொகூர் எல்லை, அதையொட்டி லேடாங் மலைக்காடு. என் பாட்டி பால்மரம் வெட்டப் போகும்போது தோட்டத்துக் கம்பிவேலிக் கேட்டில் வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு பிடி சோறுகூட வெளியே போகக்கூடாது, காட்டிலிருக்கும் கொரில்லாக்கள் கைக்குப் போய்விடுமாம். வெறும் வயிற்றோடு மதியம் வரை நிரை வெட்டியிருக்கிறார்.

நாம் துப்பாக்கிக் கதைகளையே அதிகம் சொல்கிறோம். 1948 ஜூனில் பிரிட்டிஷ் அரசு தொழிற்சங்கச் சம்மேளனத்தை முடக்கியதையும், அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதியை 1949 மே 4இல் தூக்கிலிட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? கூலி கேட்கச் சங்கம் இல்லாத லயத்தில் எந்தப் பாதுகாப்பு நிலைக்கும்?

1953 செப்டம்பர் 3இல் மலாக்காவின் ஒரு பகுதி நாட்டின் முதல் ‘வெள்ளைப் பகுதி’ ஆனது. அங்கே ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நீங்கின. ராணுவம் மட்டும் சாதித்ததல்ல அது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு முந்தைய ஆண்டே குடியுரிமை விதிகள் தளர்ந்திருந்தன. பிறகு 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் வந்தது. 1956 பிப்ரவரி 20இல் பண்டார் ஹிலிர் திடலில் துங்கு அப்துல் ரஹ்மான் நாட்டின் சுதந்திரத் தேதியை அறிவித்தார். தாய்லாந்து எல்லைக் காட்டில் எஞ்சியிருந்த கொரில்லாக்களும் 1989 டிசம்பர் 2இல், ஹாட்யாயில் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் ஆயுதப் போராட்டத்தைக் கைவிட்டார்கள்.

மலாக்கா உறவுகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேளுங்கள்: எந்தத் தோட்டம், எந்த லயம், கேட்டில் யார் சோதித்தார்கள், வேலி எப்போது பிரிக்கப்பட்டது? கேட்டதைக் கீழே எழுதுங்கள்.