வீட்டுத் தடாகமும் ஊர்த் தண்ணீரும்

கட்டாரில் உழைக்கும் எம் மைத்துனர், தம் தமக்கைக்குச் சீதனமாக வந்த வீட்டின் பின்வளவில் நீச்சல் தடாகம் ஒன்று கட்டித்தர முன்வந்துள்ளார். எம் துணைவியோ மீனும் அல்லியும் உள்ள சிறு குளமே போதும் என்கிறார். இரண்டில் எது தகும் என்பதை அழகையும் வசதியையும் மட்டும் கொண்டு தீர்மானித்துவிட முடியாது. கல்முனைக் கரையோரத்தில் வளவுக்கு வேலி உண்டு. வளவுக்கு அடியில் உள்ள தண்ணீருக்கு வேலி இல்லை.

இங்கே நிலம் மணல். மழைநீர் மணலுள் இறங்கி, உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்தைவிட ஓர் அடி உயர்ந்திருந்தால், ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை உப்புநீர் கீழே ஒதுங்கி நிற்கும் என்பது நிலநீரியலின் கணக்கு. மேல்மட்டம் தாழ்ந்தால் உப்பு அந்த அளவுக்கு மேலேறும். மைத்துனர் சொல்லும் தடாகம் 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் 1.5 மீற்றர் ஆழமும் உடையது. 48,000 லீற்றர் நீர் கொள்ளும். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்று கொண்டாலும், ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 96 நாள் போதுமான தண்ணீர் இது. குழாய்க்கிணற்றுப் பம்பியால் அதனை எம் வளவில் உறிஞ்சினால், அயலவர் கிணற்று நீரும் தாழும். வடிகட்டியைக் கழுவி விடும் குளோரின் கலந்த நீரும் அதே மணலுக்குள்தான் இறங்கும்.

குளத்திலும் சிக்கல் இல்லாமலில்லை. மணலில் வெறுமனே தோண்டினால் அது வாயகன்ற பூவலாகிவிடும். மாரியில் நிறைந்து கோடையில் தாழும். நீர் நிற்க வேண்டுமாயின், வயற்களியை அடியில் பரப்பி மிதிக்க வேண்டும். நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் மீன்களை விடாவிட்டால் டெங்குக்கு நாமே இடங்கொடுத்தவராவோம். ஆயினும் கூரைநீரைக் கொண்டே அதனை நிரப்பலாம். நஞ்சு எதுவும் வேண்டியதில்லை.

இத்துடன் வழக்கு முடிந்திருக்கும், எம் மகள் கேளாதிருந்தால். "கடலுக்கும் விடமாட்டீங்க. நாங்க எங்க வாப்பா நீந்தப் பழகுற?" என்றாள் அவள்.

இக்கேள்வியை எளிதிற் தள்ளிவிட இயலாது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அலை தாக்கிய பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக மாண்டனர். வீட்டில் இருந்தமை, குழந்தைகளைக் காக்க முனைந்தமை, ஓட இடந்தராத உடை ஆகியவற்றோடு நீந்தத் தெரியாமையும் ஒரு காரணமாகும். ஆண்பிள்ளைகள் கடலிலும் ஆற்றிலும் தாமாகவே பழகிக்கொள்கின்றனர். பெண்பிள்ளைக்கு மறைவான இடம் வேண்டும், பயிற்றுவிக்கும் பெண்ணொருத்தியும் வேண்டும்.

அப்படியாயின் தடாகமே சரியா? வசதியுள்ளவன் மகளுக்கு மட்டும் அது சரி. வலை பின்னுபவர் மகளும் நெசவாளி மகளும் எங்கே பழகுவது? அலை வந்த நாளில் அது வீடு பார்த்து வரவில்லை.

பள்ளிவாசல் ஹவுழைத் தனியொருவருக்கென்று எவரும் கட்டுவதில்லை. ஊர் கூடிக் கட்டுகிறது. செல்வரும் கூலியாளும் ஒரே விளிம்பில் அமர்ந்து வுழூச் செய்கின்றனர். நீச்சலுக்கும் அம்முறையே பொருந்தும். பாடசாலைகள் பல சேர்ந்து பயன்படுத்தும் ஒரு தடாகம், பெண்களுக்கெனத் தனி நேரம், சுற்றிலும் மதில், ஊதியம் பெறும் பெண் பயிற்றுநர் ஆகியவற்றை மாநகர சபையிடமும் கல்வித் திணைக்களத்திடமும் கேட்பது பெற்றோரின் உரிமை. நூறு வீட்டில் நூறு தடாகம் உறிஞ்சும் நீரோடு ஒப்பிட, ஒன்று உறிஞ்சுவது மிகச் சிறிது.

ஆகவே எம் வளவில் களிமண் மிதித்த சிறு குளமே அமையும். தடாகத்துக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைப் பொதுத் தடாகத்துக்குத் தருமாறு மைத்துனரைக் கேட்டுள்ளோம். "யோசிச்சுச் சொல்றன் மச்சான்" என்றார். அவர் யோசிக்கட்டும். கோரிக்கை மனுவில் கையொப்பம் திரட்டும் வேலையை எம் மகளும் அவள் தோழியரும் தொடங்கிவிட்டனர்.