நூலைப் போல சேலை

தேன்கனிக்கோட்டைப் பக்கம் சின்னம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர் மல்பெரி உண்டு. ஒரு பட்டத்துக்கு நூறு பட்டுப்புழு முட்டைத் தொகுதி வளர்ப்பார். நாற்பது, ஐம்பதாயிரம் புழுக்கள். ஓர் ஐப்பசியில், நான்காம் தோலுரிப்பு முடிந்த மூன்றாம் நாள் நான் போயிருந்தபோது, தட்டில் புழுக்கள் ஒரே அளவில் இல்லை. ஒன்று சுண்டுவிரல் தடிமன் இருந்தது. அதை ஒட்டிக் கிடந்தது அதில் பாதிகூட இல்லை.

"தழை குறைக்கல கண்ணு. மூணு வேளையும் போடறேன். தின்னது எங்க போவுதுன்னே தெரியல" என்றார் சின்னம்மா.

அந்தக் கேள்விக்கு விடை மறுநாள் கிடைத்தது. பட்டு வளர்ச்சித் துறையிலிருந்து வந்தவர் நலிந்த புழு ஒன்றைக் கீறிக் காட்டினார். நல்ல புழுவின் பட்டுச் சுரப்பி கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். இதில் இடையிடையே பால் வெள்ளையாகப் புடைத்திருந்தது. துளி சாற்றை நுண்ணோக்கியில் வைத்தார். குனிந்து பார்த்தேன். நீள்வட்டமாக, மினுக்கும் மணிகள் எண்ணிலடங்காமல் கிடந்தன. அவற்றில் இருநூற்றைம்பதை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் தேறும்.

நோயின் பெயர் பெப்ரின். தோலில் மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளி விழுவதால், மிளகைக் குறிக்கும் தெற்குப் பிரான்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். கிருமியின் பெயர் நோசிமா பாம்பிசிஸ். பூஞ்சைகளுக்கு நெருங்கிய உறவு. நுண்ணோக்கியில் நான் கண்ட மணிகள் அதன் வித்துகள்.

தழையோடு வயிற்றுக்குள் போன வித்துக்குள் ஒரு மெல்லிய குழல் சுருண்டு கிடக்கும். குடலின் காரச்சாறு பட்டதும் அது கண்ணிமைக்கும் நேரத்தில் பீறிட்டு, அருகிலிருக்கும் செல்லைத் துளைக்கும். குழல் வழியாகக் கிருமி உள்ளே இறங்கிவிடும். இறங்கிய இடத்தில் அது உழைப்பதில்லை. உணவை எரித்து ஆற்றலாக்கும் மைட்டோகாண்ட்ரியா அதற்கு இல்லை. அதன் மிச்சசொச்சம்தான் உண்டு. அமினோ அமிலங்களில் பெரும்பாலானவற்றைத் தானே செய்துகொள்ளும் திறனும் இந்த இனத்துக்குப் போய்விட்டது. ஆகவே புழுவின் செல் தயாரித்து வைத்த ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறையே தன் மேல்தோலில் உள்ள புரதங்களால் உறிஞ்சிக்கொள்கிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவும் சொந்தமல்ல. முன்னொரு காலத்தில் பாக்டீரியாவிடமிருந்து வந்தது. பட்டாக வேண்டிய சத்து இப்படித்தான் வித்தாகிவிடுகிறது. சின்னம்மா போட்ட தழை போன இடம் அதுதான்.

இதைவிடக் கொடுமை, தாய் அந்துப்பூச்சியின் சூலகத்துக்குள்ளும் புகுந்து முட்டையோடு அடுத்த தலைமுறைக்குப் போவது. பிறக்கும்போதே கடனாளியாகப் பிறக்கிறது குஞ்சுப்புழு.

1853-இல் 2.6 கோடி கிலோவாக இருந்த பிரான்சின் பட்டுக்கூடு விளைச்சல், இந்த நோயால் 1865-இல் 40 லட்சம் கிலோவாகச் சரிந்தது. அந்த ஆண்டுதான் அறிவியலாளர் லூயி பாஸ்டர் நோயை ஆராய அங்குள்ள அலெஸ் நகருக்குப் போனார். அதுவரை பட்டுப்புழுவைக் கையாண்டவரல்ல. நடுவே 1868-இல் பக்கவாதம் வந்து இடப்பக்கம் முடங்கியும் வேலையை விடவில்லை. அவர் கண்ட வழி எளியது: ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் தனித்தனியே முட்டையிட விடு, பிறகு அதை அரைத்து நுண்ணோக்கியில் பார், வித்து தெரிந்தால் முட்டையை எரி. 1870-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். இன்றும் முட்டை தயாரிக்கும் வித்தகங்களில் நடப்பது அதே தாய்ப்பூச்சிச் சோதனைதான்.

சின்னம்மா அந்த முறை வாங்கியது, விலை மலிவென்று யாரோ கொண்டுவந்து கொடுத்த, ரசீதில்லாத முட்டை. தட்டு தட்டாகப் புழுவைக் குழியில் கொட்டி எரித்தோம். புழு வளர்ப்பு மனை முழுக்க பிளீச்சிங் பவுடர் கரைசல் அடித்தோம். வாசற்படியில் உட்கார்ந்து சின்னம்மா அழுத அழுகை என் காதிலிருந்து இன்னும் போகவில்லை. இருபத்தைந்து நாள் பிள்ளைபோல் பார்த்தவர் அவர்.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். பட்டுத் தொழிலில் அது அப்படியே உண்மை. புழு வளர்க்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, நூறு ரூபாய் குறைகிறதென்று சோதிக்காத முட்டையை வாங்காதீர்கள். தாய்ப்பூச்சியைப் பார்த்தார்களா என்று கேட்டு, ரசீதோடு வாங்குங்கள். செல்லுக்குள் புகுந்துவிட்ட பிறகு இந்த நோய்க்கு நம் மனையில் மருந்து கிடையாது.