அம்மா தட்டுல முட்டை எங்கே?

1/ ஓபியில தினமும் "என்னம்மா சாப்பிட்டீங்க?"னு கேக்குற நான், சமயநல்லூர் வீட்ல எங்க அம்மாகிட்ட அதைக் கேட்டதே இல்லை.

2/ மூணு மாசம் முன்னாடி, தரையில உட்கார்ந்தவங்களால எந்திரிக்க முடியல. ரத்தப் பரிசோதனையில பெருசா ஒண்ணுமில்லை. அப்புறம்தான் தட்டைப் பார்த்தேன். காலையில இட்லி, மதியம் ரசம் சோறு, ராத்திரி திரும்பவும் இட்லி. அவிச்ச முட்டை எனக்கும் பேரனுக்கும் மட்டும்.

3/ ஐசிஎம்ஆர் கணக்குப்படி கிலோவுக்கு தினமும் 0.83 கிராம் புரதம் வேணும். அம்மா 60 கிலோ. அதாவது 50 கிராம். அவங்க தட்டுல பாதி தேறினாலே அதிகம்.

4/ பவுடர் டப்பா எதுவும் வாங்கல. காலையில முட்டை (ஒண்ணுல 6 கிராம்), மதியம் கெட்டிப் பருப்பு, தயிர், சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், ராத்திரி இட்லிக்கு நிலக்கடலைச் சட்னி, வாரம் ரெண்டு நாள் மீன். கூடவே நாற்காலியில உட்கார்ந்து எந்திரிக்கிற பயிற்சி, தினம் 10 தடவை. புரதம் மட்டும் தசையை வளர்க்காது.

5/ கிட்னி பிரச்சினை உள்ளவங்க டாக்டரைக் கேட்காம புரதத்தைக் கூட்டாதீங்க.

6/ சத்துணவுல 1989-லயே முட்டை சேர்த்த மாநிலம் நம்மது. பிள்ளைங்க தட்டுக்கு வந்துடுச்சு. அம்மாக்கள் தட்டுக்குத்தான் இன்னும் வரல.

7/ நேத்து அம்மா ஒரு கையை ஊன்றித் தானா எந்திரிச்சாங்க. ஆனா முட்டையில பாதியைப் பேரனுக்குப் பிட்டுக் குடுக்க இன்னமும் பார்க்குறாங்க. இன்னைக்கு ராத்திரி உங்க அம்மா தட்டையும் ஒரு தடவை எட்டிப் பாருங்க.