அக்ஸாவின் பெயரைச் சுமந்த ஆங்கிலேயப் பண்ணை

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில், விதம், பிரெயின்ட்ரீ என்னும் ஊர்களுக்கு இடையே 'கிரெஸ்ஸிங் டெம்பிள்' என்றொரு பழம்பண்ணை உண்டு. வயல்களுக்கு நடுவே 'டெம்பிள்' எப்படி வந்தது என நீங்கள் வினவலாம். விடை பைத்துல் முகத்தஸில் இருக்கிறது. அப்புனித நகரைச் சிலுவைப் போராளிகள் ஆண்ட நாளில், மஸ்ஜிதுல் அக்ஸாவைத் தம் தலைமையிடமாக்கிக் கொண்ட வீரத்துறவிகள், அதனை சுலைமான் நபி (அலை) அவர்களின் ஆலயமெனக் கருதி 'டெம்ப்ளர்கள்' எனப் பெயர் பெற்றனர். 1137-இல் மெட்டில்டா அரசியார் அவர்களுக்கு வழங்கிய நிலமே இது.

1187-இல் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்கள் அக்ஸாவை மீட்டார்கள். அதற்குப் பின்னரே, 13-ஆம் நூற்றாண்டில், இங்குப் பார்லிக் களஞ்சியமும் கோதுமைக் களஞ்சியமும் எழுந்தன. பண்ணை வருவாயில் ஒரு பங்கு கீழ்த்திசைப் போர்களுக்குச் சென்றது. நம் முன்னோரை எதிர்த்த வாள்களுக்கு இத்தானியமும் விலை கொடுத்திருக்கிறது! ஆயினும் அந்த ஓக் மரத் தூண்களையும், அவற்றைப் பிணைத்த தச்சரின் கைத்திறனையும் வியக்காதிருக்க இயலாது. 1312-இல் டெம்ப்ளர் அமைப்பு கலைக்கப்பட்டது, 1381-இல் உழவர் கிளர்ச்சி பண்ணையைச் சூறையாடியது, களஞ்சியங்களோ நிலைத்தன. 1987-இல் எஸ்ஸெக்ஸ் கவுண்டி கவுன்சில் அவற்றை விலைக்கு வாங்கியது.

எல்லாப் பண்ணைகளுக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. அந்நாட்டில் எத்தனையோ பழங்களஞ்சியங்கள் இன்று குடியிருப்புகளாக மாற்றப்படுகின்றன. சுவரும் கூரையும் பிழைத்துவிடும், தரைதான் பிழைப்பதில்லை. கழிவுநீர்க் குழாய்க்காக ஒருநாள் தோண்டினாலே பல நூற்றாண்டுகளின் தடயம் மண்ணோடு மண்ணாகிவிடும். எனவே கட்டட அனுமதி வழங்குகையில், தொல்லியல் அறிஞர் உடனிருக்க வேண்டும் என நிபந்தனை விதிப்பதுண்டு. செலவு கட்டுபவரைச் சாரும் என்னும் நெறியை 1990-இல் அரசின் வழிகாட்டுதல் நிலைநிறுத்தியது, நியாயமான ஏற்பாடே.

அவ்வறிஞரின் பணியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இயந்திரத்தின் அருகே, மழையிலும் குளிரிலும், அவர் நின்றுகொண்டே இருப்பார். பற்களற்ற வாளியால் மண் மெல்லிய படலமாகச் சுரண்டப்படும். ஓரிடத்தில் வட்டமாகக் கருத்த மண் தென்பட்டால், உடனே கை உயர்த்துவார். மக்கிப்போன தூண் நின்ற குழியாக அது இருக்கலாம். வேலை நிற்கும், கூலியாட்கள் முணுமுணுப்பர். அவரோ அளந்து, வரைந்து, படமெடுத்து, மண்ணில் ஒரு பகுதியைப் பையிலிட்டு எடுத்துச் செல்வார். அதனை நீரில் அலசினால் கருகிய தானியமணிகள் மேலே மிதந்து வரும். அங்கே பார்லி குவிந்ததா, கோதுமை குவிந்ததா என்பதை அம்மணிகள் சொல்லிவிடும். பெரும்பாலான நாள்களில் ஒன்றும் கிட்டுவதில்லை. அதையும் அவர் எழுதி வைத்தே ஆகவேண்டும்.