கலண்டர் படத்தில் இருந்த நகரம்

எமது நிலையத்தின் தையல் அறையில் ஒரு கலண்டர் தொங்கியது. பயிற்சிக்கு வரும் சகோதரி ஒருவருக்கு அவரது தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. அதில் ஒரு மாதத்திற்கு மச்சு பிச்சு நகரின் படம். முகில் படிந்த மலை, படிபடியாக இறங்கும் வயல்கள், கூரையில்லாத கல்வீடுகள்.

ஒருநாள் தைத்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் அதை நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, ஒரு வீட்டிலயும் கூரையைக் காணேல்லை. இதில இருந்த சனம் எங்க போனது?"

"அது தொலைந்துபோன நகரம், அம்மா" என்றேன்.

"தொலைஞ்சதெண்டால், ஆர் தொலைச்சது?"

சமூகவியல் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது. படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

மச்சு பிச்சு தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், அந்தீஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,430 மீற்றர் உயரத்தில் உள்ளது. 15ஆம் நூற்றாண்டில் இன்கா அரசன் பச்சாகூட்டி தன் குடும்பத்தினர் வந்து தங்குவதற்காக இதை அமைத்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. முக்கிய கட்டடங்களில் சாந்து பூசாமலே கல்லோடு கல்லைப் பொருந்தச் செதுக்கி அடுக்கியிருக்கிறார்கள். படிக்கட்டு வயல்களின் அடியில் பெருங்கல், சரளை, மணல், மண் என்று அடுக்கடுக்காகப் போட்டதால் மழைநீர் வடிந்து ஓடியது, மலை சரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த வேலைதான் இன்றும் நகரைத் தாங்குகிறது.

1532இல் ஸ்பானியர் படையெடுத்து வந்தனர். இன்கா ஆட்சி குலைந்தது. அரச மாளிகையைப் பராமரிக்க வழியற்றுப்போக, அங்கிருந்தவர்களும் காலப்போக்கில் வெளியேறினர். கூரை வேய்ந்த புல் உக்கிப்போனது. கல் மட்டும் மிஞ்சியது.

ஆனால் நகரம் தொலையவில்லை. 1911 யூலையில் அமெரிக்கரான ஹிராம் பிங்கம் அங்கு சென்றபோது வழிகாட்டியவர் அந்தப் பகுதி விவசாயி ஒருவர். மலையுச்சியில் குடும்பங்கள் அந்தப் பழைய வயல்களிலேயே பயிர்செய்து வாழ்ந்துகொண்டிருந்தன. அவர்கள் அவருக்குக் குளிர்ந்த நீரும் அவித்த வற்றாளங்கிழங்கும் கொடுத்தார்கள். இடிபாடுகளுக்குக் கூட்டிச்சென்றது ஒரு சிறுவன். எனினும் உலகம் கேட்டது பிங்கம் "கண்டுபிடித்த" கதையைத்தான்.

என்னை அதிகம் பாதித்தது இதற்குப் பின் நடந்தது. 1912இல் அங்கே 100இற்கும் மேற்பட்ட புதைகுழிகளைத் தோண்டினார்கள். எலும்புகளை ஆராய்ந்த ஜோர்ஜ் ஈற்றன், பெரும்பாலானவை பெண்களுடையவை என்று எழுதினார். உடனே ஒரு கதை பிறந்தது: இது சூரியனுக்கு அர்ப்பணிக்கப்பட்ட கன்னியர் ஒளிந்து வாழ்ந்த இடமாம். கேட்க அழகான கதை. பல பத்தாண்டுகள் அதுவே நிலைத்தது.

2000ஆம் ஆண்டளவில் ஜோன் வெரானோ என்ற ஆய்வாளர் அதே எலும்புகளை மீண்டும் பார்த்தார். ஆண்களும் பெண்களும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். மலைவாழ் மக்கள் உருவத்தில் சிறியவர்கள் என்பதை ஈற்றன் கணக்கில் எடுக்காததால் ஆண்களையும் பெண்கள் என எண்ணிவிட்டார்.

அப்படியானால் அவர்கள் யார்? அரச குடும்பத்துக்குப் பணிசெய்த மக்கள். 2023இல் வெளியான மரபணு ஆய்வு, மச்சு பிச்சுவில் புதைக்கப்பட்ட 34 பேரைப் பரிசோதித்தது. கடற்கரை, மலைநாடு, அமேசன் காடு எனப் பேரரசின் தொலைதூரத் திசைகளிலிருந்து அவர்களின் வேர்கள் வந்திருந்தன. சொந்த ஊரை விட்டு அரச பணிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். நெருங்கிய இரத்த உறவு என்று அவர்களிடையே கிடைத்தது ஒரேயொரு சோடி. ஒரு தாயும் மகளும்.

இதைத் தையல் அறையில் சொன்னபோது இயந்திரங்கள் நின்றுவிட்டன. "அவையின்ர பேர் என்ன?" என்று ஒருவர் கேட்டார். பெயர்கள் எழுதப்படவில்லை. இன்காக்களிடம் எங்களைப்போன்ற எழுத்து இருக்கவில்லை. கயிற்றில் முடிச்சுப் போட்டே கணக்கு வைத்தார்கள்.

அன்றிரவு எனக்கு ஒரு பழைய பதிவுப் படிவம் நினைவுக்கு வந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சகோதரியைப் பற்றி "உறவினர் எவருமில்லை" என்று எழுதியிருந்தேன். அவர் தனியாக வந்தார், அதிகம் பேசவில்லை, நானாக முடிவுசெய்துகொண்டேன். வேறொரு மாவட்டத்தில் அவருக்கு ஒரு மகள் இருப்பது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஈற்றனைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி?

1983இல் யுனெஸ்கோ மச்சு பிச்சுவை உலக மரபுரிமையாக ஏற்றது. 2007இல் நடந்த உலகளாவிய வாக்கெடுப்பில் அது புதிய ஏழு அதிசயங்களில் ஒன்றானது. அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இருந்த பொருட்கள் 2011, 2012ஆம் ஆண்டுகளில் பெருவுக்குத் திரும்பின. இப்போது ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான உல்லாசப் பயணிகள் போகிறார்கள். கல் தேயாதிருக்க நாளாந்த எண்ணிக்கையையே கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. பலரையும் ஈர்ப்பது மலையும் முகிலும். எங்கள் தையல் அறைக்கு அது அந்தத் தாயும் மகளும்.

கலண்டரின் ஆண்டு முடிந்துவிட்டது. அந்த அம்மா படத்தை மட்டும் வெட்டி இயந்திரத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறார். புதிதாக வருபவர்களுக்கு அவரே கதை சொல்கிறார்: "இது தொலைஞ்ச ஊரில்லை, பிள்ளையள். சனம் இருந்த ஊர்."

நான் இப்போது படிவத்தை மூடிவைத்துவிட்டுத்தான் முதற் கேள்வியைக் கேட்கிறேன்.