ஊர் சொல்லாத இசைத்தட்டு

சாமுவேல் பார்பரின் வயலின் கன்செர்ட்டோ, அதாவது தனி வயலினும் முழு இசைக்குழுவும் எதிரெதிர் நின்று உரையாடும் மூன்று பகுதிப் படைப்பு, அமெரிக்க இசையின் பெருமைகளுள் ஒன்றாக எண்ணப்படினும், 1939 கோடையில் அது பிறந்த இடம் சுவிட்சர்லாந்தின் ஸில்ஸ் மரியா என்னும் மலையூரே ஆகும். 1941இல் பிலடெல்பியாவில் அரங்கேறிய அப்படைப்பை, 1950களின் தொடக்கத்தில் லூயி காஃப்மன் வாசிக்க, வால்ட்டர் கேர் இசைக்குழுவை நடத்த, கான்செர்ட் ஹால் என்னும் அமெரிக்க நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. குழுவின் பெயரோ கான்செர்ட் ஹால் சிம்பொனி என்றும், லூசெர்ன் விழாக் குழு என்றும் பதிப்புக்குப் பதிப்பு மாறியது. கடைப்பெயரையே குழுவுக்குச் சூட்டிவிட்டால் வாசித்தவர் எவ்வூரார் என்று கேட்பவர் இல்லை.

அமெரிக்க நிறுவனங்கள் ஒலிப்பதிவுக்காகக் கடல் கடந்து ஐரோப்பா சென்றதற்குக் காரணம் கலைத்தாகம் மட்டுமன்று. 1948 முழுவதும், டிசம்பர் நடுப்பகுதி வரை, அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுக்குத் தடை விதித்திருந்தது. தடை தொடங்குமுன் முடித்துவிட வேண்டி, 1947 டிசம்பரின் கடைசி இரவுகளில், கச்சேரிகள் முடிந்து ஒழிந்த கார்னகி அரங்கில், விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ படைப்பைக் காஃப்மன் அவசர அவசரமாகப் பதித்தார். தடைக்காலத்திலேயே அறிமுகமான எல்.பி. என்னும் நெடுநேரத் தட்டோ பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேலான இசையைக் கேட்டது. ஐரோப்பியக் கூலியோ குறைவு. 1629 முதல் இசைச்சங்கம் நடத்திவரும் சுவிஸ் நகரமான வின்டர்தூர், கிளாரினெட் வாசித்த வணிகர் வெர்னர் ரைன்ஹார்ட்டின் கொடையால் ஸ்ட்ராவின்ஸ்கி முதலியோரை ஈர்த்த ஊராதலால், அங்கே தேர்ந்த கலைஞர்களுக்குப் பஞ்சமில்லை.

தட்டில் பெயர் மறையும் இக்கவலை முன்பே கல்கத்தாப் பாடகி கௌஹர் ஜானுக்கு இருந்தது. 1902இல் பதிவான தம் பாடல்களின் முடிவில் அவர் தம் பெயரை உரக்க அறிவித்தார். தட்டு அச்சான ஜெர்மனியில் அதைக் கேட்டே சீட்டு ஒட்டினர். தற்பெருமையாகத் தோன்றுவது, உண்மையில் ஒரு முகவரி. பார்பரின் இறுதிப் பகுதியிலோ, ஆவர்த்தனம் போன்ற ‘பார்’ கணக்கில் 110 வரை வயலினுக்கே மூச்சுவிட இடமில்லை. உடன்வாசிப்போர் ஊர்ப்பெயர் சொல்வது எங்ஙனம்?

அதே காஃப்மன், ‘நான்கு பருவங்கள்’ இடம்பெற்ற தொகுதியின் எஞ்சிய எட்டுக் கன்செர்ட்டோக்களை அதே கான்செர்ட் ஹால் நிறுவனத்துக்கு வாசித்தபோது, துணை நின்ற வின்டர்தூர்க் குழுவின் பெயர் உறையில் ஒளிவின்றி அச்சாயிற்று.