குரலைச் சிக்கனம் பிடித்த கதை

செல்போனில் பேசினால் அந்தப் பக்கம் கேட்பது பேசியவரின் குரல்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் குரல் அப்படியே போய்ச் சேருவதில்லை. இந்தக் குரலை எப்படிச் செய்வது என்கிற குறிப்புதான் போகிறது. அதைப் படித்து அந்தப் பக்கத்துப் போன் புதிதாக ஒரு குரலைச் செய்து கொடுக்கிறது. தோசையைப் பார்சல் கட்டாமல், தோசை சுடும் பக்குவத்தை எழுதி அனுப்புகிற மாதிரி!

ஏன் இந்தச் சுற்று வழி? இடப் பற்றாக்குறைதான் காரணம். டிஜிட்டல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குரலை நொடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதுவார்கள். ஆக, நொடிக்கு 64,000 பிட். கம்பியில் இது சரிப்பட்டு வரும். ஆனால் காற்றில் அலைவரிசை என்பது ஊர் நடுவில் இருக்கும் நிலம் மாதிரி. இருப்பது கொஞ்சம், விலையோ அதிகம். அதனால் 1991ல் பின்லாந்தில் சேவைக்கு வந்த ஜி.எஸ்.எம்.மில் ஒரு குரலுக்கு நொடிக்கு 13,000 பிட்தான் ஒதுக்கினார்கள். ஐந்தில் ஒரு பங்கு!

இது எப்படி முடிகிறது? பேசும்போது நாக்கும் உதடும் மின்னல் வேகத்தில் மாறுவதில்லை. 20 மில்லிசெகண்ட் நேரத்துக்கு வாயின் வடிவம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே பேச்சை 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக வெட்டி, வாயின் வடிவம், குரலின் சுருதி, இரண்டிலும் அடங்காத மிச்ச ஒலி ஆகிய மூன்றையும் துண்டுக்கு 260 பிட்டில் எழுதிவிடுகிறார்கள். நொடிக்கு 50 துண்டு. பெருக்கிப் பாருங்கள், 13,000 வரும்.

இந்த 260ல் 188 பிட்டை மிச்ச ஒலியே விழுங்கிவிடும். அதற்கும் வழி கண்டவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த பிஷ்ணு அடல். அவரும் மன்ஃப்ரெட் ஷ்ரோடரும் 1985ல் 'செல்ப்' என்ற முறையை வெளியிட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒலிப்பட்டியலை வைத்துக்கொண்டு, பொருத்தமான ஒலியின் வரிசை எண்ணை மட்டும் அனுப்புவதுதான் அது. அன்று ஒரு நொடிப் பேச்சைச் சுருக்க க்ரே‑1 சூப்பர் கம்ப்யூட்டருக்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்தது. பிற்பாடு இதன் வழிவந்த முறைகளைச் சட்டைப்பையில் கிடக்கும் போன் பேசப் பேசச் செய்து முடித்தது.

இனிமேல்தான் வியாபாரம் :) இந்தக் குடும்பத்து முறை ஒன்றால் ஜி.எஸ்.எம். குரல் 5,600 பிட்டுக்கு இறங்கியது. இதற்கு 'அரை வீதம்' என்று பெயர். எட்டுப் பேர் பேசிய அலைவரிசையில் இனி பதினாறு பேர் பேசலாம். கோபுரம் அதே, முதலீடு அதே, விற்கும் சரக்கு மட்டும் இரண்டு மடங்கு! 1999ல் வந்த ஏ.எம்.ஆர். முறையிலோ 12,200 முதல் 4,750 வரை எட்டுப் படிகள். நெரிசல் கூடினால் அழைப்பை அரை வீதத்துக்குத் தள்ளிவிடலாம்.

இதைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே அலைவரிசையில் அதிகம் பேர் பேச முடிந்ததும் செல்போன் சாமானியர் கைக்கு வர ஒரு காரணம். கேள்வி வேறு. குரல் பாதியாகும்போது நிமிடக் கட்டணம் பாதியாவதில்லை. கடையில் எடை குறைந்தால் தராசைக் காட்டிச் சண்டை போடலாம். குரலில் குறைந்தால்? பேசுபவர் "சிக்னல் சரியில்லை போல" என்று சொல்லிக்கொண்டு இன்னும் சத்தமாகப் பேசுவார், அவ்வளவுதான்.

4ஜி அழைப்புகளில் அகன்ற அலைவரிசைக் குரல் வந்த பிறகு நிலைமை நன்றாகவே தேறியிருக்கிறது. பழைய போன் 3,400 ஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொண்டது, இது 7,000 வரை போகிறது. 'ஸ'வும் 'ஃப'வும் தனித்தனியாகக் கேட்கின்றன. ஆனால் ஒரு முனை பழைய வழிக்கு இறங்கினால் இரண்டு பேருக்கும் பழைய குரல்தான். எத்தனை நிமிடம் பேசினார் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எத்தனை பிட் குரல் கிடைத்தது என்பதற்கும் ஒரு கணக்கு வந்தால், வாங்குகிறவர் கையிலும் ஒரு தராசு இருக்கும்.